ஹீல்ஸில் நடக்கப் பழகுதல்: அன்றும் இன்றும்

1600-ஆம் ஆண்டு வெனிஸில் ஒரு நடன நூல் அச்சேறியது. எழுதியவர் ஃபாப்ரிட்ஸியோ கரோஸோ என்ற நடன ஆசான். நடனங்களின் அடிவைப்புகளுக்கும் இசைக் குறிப்புகளுக்கும் நடுவே, உயரமான காலணி அணிந்த சீமாட்டி எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அவர் எழுதிவைத்தார். எடுத்து வைக்கும் காலின் முன்பகுதியை முதலில் உயர்த்த வேண்டும் என்கிறார். அப்படி உயர்த்தினால் முழங்கால் நீளும். முழங்கால் நீண்டால் உடல் நிமிரும். காலணியும் பாதத்தைவிட்டுக் கழலாது. இந்த நடையைப் பழகியவள் எத்தனை உயரத்தில் நின்றாலும், மூன்று விரற்கடை உயரக் காலணியில் நடப்பவளைப் போலவே தெரிவாள். விருந்தில் நடனமும் ஆடுவாள் என்று உறுதி சொல்கிறார்.

இன்று ஹீல்ஸில் நடக்கப் பழக விரும்பும் பெண் கைப்பேசியைத் திறக்கிறாள். ஓரிரு நிமிடக் காணொளிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. குதிகாலை முதலில் பதியுங்கள், பிறகு விரல்களை. முழங்காலை மடித்தபடி நடக்காதீர்கள். அடியைச் சுருக்குங்கள். தரையைப் பார்க்காமல் எதிரே பாருங்கள். கரோஸோ கேட்டால் தம் பாடத்தைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். முன்பாதத்தை உயர்த்தி வைக்கும் கால் தானாகவே குதிகாலில்தானே இறங்கும்.

நானூறு ஆண்டுகளில் பாடம் அதிகம் மாறவில்லை. யார் கற்றார்கள், எதற்காகக் கற்றார்கள், கற்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பவைதாம் மாறியிருக்கின்றன.

கரோஸோ காலத்து வெனிஸ் பெண்களின் காலில் இருந்தது இன்றைய ஹீல்ஸ் அன்று. ஷொப்பீன் எனப்பட்ட அந்தக் காலணி மரத்தாலோ தக்கையாலோ செய்த ஒரு பீடம். அதன்மேல் தோலோ வெல்வெட்டோ போர்த்தியிருக்கும். குதிகாலோடு முழுப் பாதமும் உயரும். வெனிஸின் கொர்ரேர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு ஜோடி அரை மீட்டரை நெருங்குகிறது. தஞ்சைப் பக்கத்துப் பொய்க்கால் குதிரைக்காரரின் கட்டையை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். உயரம் கூடக் கூடப் பாவாடைக்குக் கூடுதல் பட்டு வேண்டும். பட்டு கூடக் கூட வீட்டின் செல்வம் ஊருக்குத் தெரியும். 1608-இல் அந்நகருக்கு வந்த ஆங்கிலேயப் பயணி தாமஸ் கோரியட், சீமாட்டிகள் பணியாளர்களின் கைத்தாங்கலில் நடப்பதைக் குறித்துவைத்தார். துணையில்லாமல் சிறிய கற்பாலத்தின் படியில் இறங்கிய ஒருத்தி பலமாக விழுந்ததையும் கண்டார். தமக்கு இரக்கமே வரவில்லை என்றும் எழுதினார். பயணக் குறிப்பில் இவ்வளவு நேர்மை தேவையில்லை.

அன்று அரை மீட்டர் உயரம், தாங்குவதற்குப் பணியாளின் கை. இன்று நான்கு அங்குல உயரம். தோளில் மடிக்கணினிப் பை, ஒரு கையில் கைப்பேசி, இன்னொரு கை மெட்ரோ ரயில் நிலையத்து நகரும் படிக்கட்டின் கைப்பிடியில். எந்த நடை கடினம் என்று கேட்டால் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த நூற்றாண்டிலேயே பாடம் ஆண்களுக்குப் போனது. குதிகாலை மட்டும் உயர்த்தும் காலணி பாரசீகக் குதிரை வீரர்களுடையது. அங்கவடியில் குதிகால் சிக்கி நிற்பதால், சேணத்தைவிட்டு எழுந்து நின்று வில்லை வளைக்க முடியும். 1599-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசுகளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். பாரசீகப் பொருள்கள்மீது அங்கே எழுந்த ஆசையோடு இந்தக் காலணியும் பரவியது. குதிரைமேல் பயன்பட்ட பொருள் அரண்மனைத் தரைக்கு வந்ததும் பயன் உதிர்ந்தது, பகட்டு தங்கியது. பிரான்சின் பதினான்காம் லூயியின் அவையில் சிவப்புக் குதிகால் அரசருக்கு நெருங்கியவர்களின் அடையாளம். 1701-இல் ஹையசிந்த் ரிகோ தீட்டிய புகழ்பெற்ற படத்தில், அறுபதைக் கடந்த அரசர் கெண்டைக்காலும் சிவப்புக் குதிகாலும் தெரியக் காலை முன்வைத்து நிற்கிறார். அந்த அவையில் நடையும் ஒரு பாடம். லூயி 1661-இல் அரச நடனக் கழகத்தை நிறுவினார். 1725-இல் பியேர் ராமோ வெளியிட்ட நடன நூல் உடம்பை எப்படி நிறுத்துவது, எப்படி நடப்பது, தொப்பியை எப்படிக் கழற்றி வணங்குவது என்றெல்லாம் முதலில் விளக்கிவிட்டுத்தான் நடனத்துக்கு வருகிறது. பிரபுவின் மகன் வாள் வீசக் கற்றதைப் போலவே குதிகால் உயர்ந்த காலணியில் நடக்கவும் கற்றான். சில பத்தாண்டுகளில் ஆண்கள் இறங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பெண்களும் இறங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குதிகால் மறுபடி உயர்ந்தபோது அது பெண்களுக்கே உரியதாகத் திரும்பிவந்தது.

இன்று நாம் அறிந்த நடைச் சிக்கல் தொடங்கியது 1950-களில். அதற்கு முன் குதிகால் பெரும்பாலும் மரம். மரத்தை ஓர் அளவுக்குமேல் மெல்லிசாக்கினால் முறிந்துவிடும். அதனால் அடிப்பகுதி அகலமாகவே இருந்தது. ஐம்பதுகளில் குதிகாலுக்குள் உலோகக் கம்பி வைக்கும் முறை வந்தது. தியோர் நிறுவனத்துக்காக ரோஜர் விவியே, இத்தாலியில் சல்வதோர் ஃபெரகாமோ போன்ற காலணி வல்லுநர்கள் விரல் நுனி அளவுக்குக் குதிகாலைக் கூர்மையாக்கினார்கள். நம் கடைகளில் பென்சில் ஹீல்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். அதுவரை கற்பவள் முன்னும் பின்னும் சாயாமல் இருந்தால் போதும். இப்போது பக்கவாட்டிலும் சாயாமல் இருக்க வேண்டியதாயிற்று. உடல் எடை முழுவதும் ஒரு சதுர செ.மீ. அளவுள்ள நுனியில் ஒரு கணம் இறங்கியது. விமானங்களின் தரையும் பழைய கட்டடங்களின் மரத்தளமும் குழி விழுந்தன. கலிஃபோர்னியாவின் கார்மல் என்ற கடலோரச் சிற்றூர் 1963-இல் ஒரு விதி போட்டது: 2 அங்குலத்துக்கு மேல் உயரமும் ஒரு சதுர அங்குலத்துக்குக் குறைந்த அடிப்பரப்பும் உள்ள ஹீல்ஸ் அணிய நகராட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டும். மர வேர்கள் கிளப்பிவிட்ட நடைபாதையில் விழுந்தவர்கள் வழக்குப் போடக் கூடாதே என்ற அச்சம்தான் காரணம். அனுமதிச் சீட்டு இலவசம். இன்றும் சுற்றுலா வருபவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிச் செல்கிறார்கள்.

புதிய காலணிக்குப் பழைய பள்ளிக்கூடங்கள் உதவின. லண்டனில் 1928-இல் தொடங்கிய லூசி கிளேட்டன் பள்ளி அவற்றில் பேர்பெற்றது. அறுபதுகளின் உலகப் புகழ்பெற்ற மாடல் அழகி ஜீன் ஷ்ரிம்ப்டன் பதின்ம வயதில் அங்கே படித்தவர். நடப்பது, உட்காருவது, தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து நாகரிகமாக இறங்குவது எல்லாம் அங்கே பாடம். இப்படிப்பட்ட வகுப்புகளில் தலையில் புத்தகம் வைத்து நடக்கச் சொல்வதைப் பலர் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது. புதிதாக ஹீல்ஸ் அணிபவர் ஒவ்வோர் அடிக்கும் தலையை முன்னே நீட்டுவார். பயத்தில் கண் தரைக்குப் போகும். தலை நீண்ட அந்தக் கணமே புத்தகம் விழும். பிழை நடந்த இடம் அவருக்கே தெரிந்துவிடும். அறையின் பக்கவாட்டில் நிற்கும் ஆசிரியை தோள் உயர்ந்ததையும் முழங்கால் மடிந்ததையும் பார்ப்பார். ‘இன்னொரு முறை’ என்பார். கம்பளத்தில் பழகி, மரத்தரையில் பழகி, கடைசியாகப் படிக்கட்டுக்குப் போவார்கள்.

இன்றைய காணொளி ஒரு பெண் எப்படி நடக்கிறாள் என்பதைக் காட்டும். பார்ப்பவள் எப்படி நடக்கிறாள் என்பதை அது பார்க்காது. இரண்டு நிமிடத்தில் எல்லாக் குறிப்பும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை, வெட்கப்பட யாரும் இல்லை. அன்று லண்டன் பள்ளிக்குப் பணம் கட்ட முடிந்த குடும்பத்துப் பெண் கற்றதை, இன்று திருப்பத்தூரிலும் திருகோணமலையிலும் இருக்கும் பெண் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கற்கிறாள். இது சிறிய மாற்றமில்லை. பாடம் பரவலானது, பார்த்துத் திருத்தும் கண் அருகிப்போனது.

அந்தக் கண் தவறவிட்டவையும் உண்டு. ஆசிரியைக்கு அழகு தெரிந்தது, எலும்பு தெரியவில்லை. உயரம் கூடினால் எடை முன்பாதத்துக்குப் போகும் என்பதை அவர் உணர்ந்திருப்பார். எவ்வளவு என்பது பிறகுதான் அளக்கப்பட்டது. ஓர் அங்குல ஹீல்ஸில் முன்பாதத்தின் அழுத்தம் சுமார் 22 சதவீதமும், இரண்டு அங்குலத்தில் 57 சதவீதமும், மூன்று அங்குலத்தில் 76 சதவீதமும் கூடுகிறது என்கிறது மருத்துவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் அளவீடு. 1998-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஹீல்ஸ் அணிந்து நடக்கையில் முழங்காலின் உட்பக்கத்தை அழுத்தும் விசை சுமார் 23 சதவீதம் உயர்வதைக் காட்டியது. 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆண்டுக்கணக்கில் ஹீல்ஸே அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசை இழைகள் சுமார் 13 சதவீதம் குறுகியிருந்ததையும், குதிநாண் தடித்து விறைத்திருந்ததையும் கண்டது. வெகுநாள் ஹீல்ஸ் அணிந்தவர்கள் தட்டைச் செருப்புக்கு மாறினால் கால் வலிக்கிறது என்று சொல்வது வெறும் பழக்கதோஷம் என்று அன்று சிரித்தார்கள். தசையே நீளம் குறைந்திருக்கிறது என்று இன்று தெரிகிறது.

இந்த எண்களால் பயிற்சியின் முறையும் மாறியது. அன்று பயிற்சி என்றால் நடை மட்டும். இன்று கற்றுத்தருபவர்கள் நடைக்கு முன்னும் பின்னும் வேலை வைக்கிறார்கள். வெறுங்காலில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கிக் கணுக்காலைப் பலப்படுத்துவது. ஒற்றைக் காலில் நின்று பழகுவது. கழற்றியதும் சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது. முதலில் அகலமான அடிப்பகுதி உள்ள பிளாக் ஹீல்ஸ், ஒன்றரை இரண்டு அங்குலம் போதும். அதில் படியேறவும் சரிவில் இறங்கவும் கால் பழகிய பின்னரே அதற்குமேல். புதிய ஜோடியை வீட்டில் காலுறையோடு போட்டு உலவி இளக்கிக்கொள்வது, வழுக்கும் அடித்தோலை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுவது போன்ற கைவேலைகள் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் பொது.

பயிற்சி எவ்வளவு இருந்தாலும் விழுபவர்கள் விழத்தான் செய்கிறார்கள். 1993-இல் பாரிஸ் மேடையில் விவியன் வெஸ்ட்வுட் வடிவமைத்த அசாதாரண உயரக் காலணியில் நடந்த நவோமி கேம்பெல், உலகின் முதல்நிலை மாடல், கீழே விழுந்தார். உட்கார்ந்தபடியே சிரித்தார். இன்று அந்தக் காலணி லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1608-இல் பாலத்தின் படியில் விழுந்தவள் எழுந்தாளா என்றுகூடக் கோரியட் சொல்லவில்லை.

மாற்றங்களில் பெரியது கட்டாயம் தளர்ந்தது. லூயியின் அவையில் சிவப்புக் குதிகால் சலுகை. இருபதாம் நூற்றாண்டின் அலுவலகத்திலும் விமானத்திலும் பெண்ணுக்கு அது சீருடை. விரும்பினாளா என்று யாரும் கேட்கவில்லை. நடக்கத் தெரியுமா என்று மட்டுமே பார்த்தார்கள். 2015 டிசம்பரில் லண்டனில் ஒரு பெரிய நிறுவனத்தின் வரவேற்பறை வேலைக்குத் தட்டைக் காலணியில் வந்த நிக்கோலா தார்ப், ஊதியமின்றி வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2 முதல் 4 அங்குல ஹீல்ஸ் அணிய வேண்டும் என்பது விதி. அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்குமேல் கையெழுத்திட்டார்கள். 2017-இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், வேலையிடத்தில் ஹீல்ஸைக் கட்டாயமாக்குவதைத் தடை செய்தது. பிலிப்பீன்ஸும் அதே ஆண்டு அதே வழியில் சென்றது. 2018-இல் கான் திரைப்பட விழாவில் நடிகை கிரிஸ்டன் ஸ்டூவர்ட் சிவப்புக் கம்பளத்திலேயே ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். 2019-இல் ஜப்பானில் யூமி இஷிகாவா தொடங்கிய இயக்கத்துக்குப் பின், அடுத்த ஆண்டே ஜப்பான் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களுக்கான ஹீல்ஸ் விதியைக் கைவிட்டது. இந்தியாவில் 2022-இல் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர், பணியாளர்களின் சீருடையிலேயே ஸ்னீக்கரைச் சேர்த்துவிட்டது.

பொம்மையும் இதற்கு விலக்கில்லை. 1959-இல் வந்த பார்பியின் பாதம் ஹீல்ஸுக்காகவே நுனிக்காலில் வார்க்கப்பட்டிருந்தது. அதைத் தரையில் நிறுத்த முடியாது. 2015-இல்தான் கணுக்காலை மடக்கித் தட்டைக் காலணி போடத்தக்க பார்பி கடைக்கு வந்தது. ஐம்பத்தாறு ஆண்டுகள் அவள் நுனிக்காலிலேயே நின்றிருக்கிறாள்.

கட்டாயம் போனால் ஹீல்ஸே போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. அலுவலகத்துக்கு ஸ்னீக்கர், விழாவுக்கு ஹீல்ஸ் என்று இடம் பிரிந்துகொண்டது. மும்பையிலும் சென்னையிலும் ஹீல்ஸ் அணிந்து ஆடும் நடன வகுப்புகள் நடக்கின்றன. பிரான்சின் யானிஸ் மார்ஷல் போன்ற ஆண் ஆடற்கலைஞர்கள் அந்த வகைக்கு உலகெங்கும் பேர் தேடித் தந்தார்கள். கரோஸோவின் நூலில் நடனமும் நடையும் ஒரே கட்டுக்குள் இருந்தன. நடுவில் பிரிந்த அவை மறுபடி ஒன்றாக வந்திருக்கின்றன.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். அறுபது, எழுபதுகளின் மெட்ராஸில் ஹீல்ஸ் ஒலி கேட்ட இடங்கள் சொற்பம்: கான்வென்ட் பள்ளி வராந்தா, மீனம்பாக்கம் விமான நிலையம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கூடும் நடனக் கூடம். அந்த வீடுகளில் தாயோ அக்காவோ கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த நடை அது. மற்ற வீடுகளில் ‘இடறி விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டா யாரு பாக்கறது?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். காரணமும் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் வளரும் வீடு நம்முடையது. கோயிலிலும் வெறுங்கால், கல்யாண மணையிலும் வெறுங்கால். விரல்கள் விரிந்து நிலத்தைப் பற்றிப் பழகிய பாதம் அது. கூர்முனைக் காலணிக்குள் அந்த விரல்களுக்கு இடமில்லை. எழுபதுகளில் பெல்பாட்டத்துக்குக் கீழே கட்டைக் குதிகால் ஷூ போட்டுக்கொண்டு பஸ்ஸின் படியில் தொங்கிய வாலிபர்களை யாரும் இப்படிக் கேட்டதாக நினைவில்லை.

இன்று முகூர்த்தத்துக்கு வெறுங்கால், மாலை ரிசப்ஷனுக்கு ஹீல்ஸ் என்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளையின் உயரத்துக்குச் சற்றே ஈடுகொடுக்க வேண்டும். படத்தில் தோள்கள் ஒத்து நிற்க வேண்டும். மண்டபத்தின் பளபளக்கும் கிரானைட் தரையில், மூன்று நான்கு மணி நேரம், ஆறு வண்டி நிறைய வந்த உறவினர்களுக்கும் வணக்கம் சொல்லியபடி நிற்க வேண்டும். இதற்கான பாடம் வெளிநாட்டுக் காணொளியில் கிடைக்காது. அங்கே நடப்பவர்கள் ஜீன்ஸிலும் குட்டைப் பாவாடையிலும் நடக்கிறார்கள். புடவைக்குச் சட்டம் வேறு. பார்லரிலிருந்து புடவை கட்டிவிட வரும் பெண் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘ஹீல்ஸ் போட்டுட்டீங்களா மேடம்?’ என்பதைத்தான். ஹீல்ஸைப் போட்டுக்கொண்டுதான் புடவை கட்ட வேண்டும். வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு போட்டால் கணுக்கால் தெரியும். கணக்குத் தெரியாமல் இறக்கிக் கட்டினால் ஹீல்ஸின் நுனி ஃபால்ஸில் சிக்கி மேடையேறும்போது கொசுவம் மொத்தமாக அவிழும். கட்டி முடித்ததும் நாலடி நடக்கச் சொல்கிறார். கொசுவத்தைக் கால் நுனியால் மெல்லத் தள்ளியபடி நடங்க, படியில் இடது கையால லேசாத் தூக்கிக்குங்க, திரும்பும்போது உடம்போடு சேர்ந்து பாதமும் திரும்பட்டும் என்கிறார். தள்ளி நின்று பார்த்துவிட்டு ஊசியை மாற்றிக் குத்துகிறார். லண்டன் ஆசிரியையின் வேலையில் பாதியை இன்று இவர் பார்க்கிறார். அதற்குத் தனிக் கட்டணமில்லை, பாராட்டும் இல்லை.

விழுப்புரத்தில் ஒவ்வோர் ஆண்டும் கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி மிஸ் கூவாகம் போட்டி நடக்கிறது. திருநங்கையர் மேடையில் நடக்கும் சுற்று அதில் முக்கியமானது. பிறந்த வீட்டில் எவரும் சொல்லித்தராத நடையைத் தாமாகவே தேடிக் கற்றவர்கள் பலர் அங்கே நடக்கிறார்கள். நான் பார்த்த மேடை நடைகளில் தன்னம்பிக்கை மிகுந்தவை அந்தப் படப்பதிவுகளில் உள்ளவைதாம் என்பேன்.

இனிக் காலணி. அன்று மெட்ராஸில் காலணி தைத்துத் தரும் கடைக்குப் போனால், காகிதத்தின்மேல் பாதத்தை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைவார்கள். சுண்டுவிரல் ஓரம் புடைத்திருந்தால் அந்தப் புடைப்பும் காகிதத்தில் வரும், தோலிலும் வரும். பிறகு பெட்டியில் வரும் ஆயத்தக் காலணியின் காலம். அளவு எண் பிரிட்டிஷ் முறை; நீளம் மட்டுமே கணக்கு. நம் பாதம் அவர்களுடையதைவிட அகலம். அகலத்துக்காகப் பெரிய எண்ணை வாங்கினோம், நீளம் மிஞ்சியது. தட்டைச் செருப்பில் இந்த மிச்சம் தொந்தரவில்லை. ஹீல்ஸில் அப்படியில்லை: சரிவில் பாதம் முன்னே வழுக்கும், பின்னால் குதிகால் கழலும், கழலாமல் இருக்க விரல்கள் உள்ளுக்குள் மடங்கிப் பிடிக்கும். முழங்கால் மடிவதும் நடை தடுமாறுவதும் பாதி இங்கிருந்து வருபவை. நடக்கத் தெரியவில்லை என்று பெண்கள் தங்களையே குறை சொல்லிக்கொண்டார்கள். குற்றம் பெட்டியின்மேல் அச்சடித்த எண்ணில் இருந்தது.

இதை அளந்து காட்டியதும் சென்னைதான். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் அமைந்தது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, அந்த நிறுவனத்தின் ஆய்வுக்காக நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்கள் முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கப்பட்டன. இந்தியப் பாதம் சராசரியாக அகலம் கூடியது என்பது உறுதியானது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதையொட்டி உச்சம் தொட்டுவிடுகிறது என்பதும் தெரிந்தது. பொருந்தாத அளவில் ஹீல்ஸ் அணிவதால் பெண்களுக்கு வரும் வேதனையும் ஆய்வின் முடிவுகளில் பேசப்பட்டது. பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்டு ‘பா’ என்ற புதிய அளவுமுறை முன்வைக்கப்பட்டிருக்கிறது. அன்று காகிதமும் பென்சிலும் ஒரு பாதத்துக்காக வளைந்துகொடுத்தன. இன்று ஸ்கேனர் ஒரு லட்சம் பாதங்களின் நடுவளவைத் தருகிறது. முன்னது பணமுள்ள சிலருக்கு, பின்னது எல்லோருக்கும். சுண்டுவிரல் புடைப்பு மட்டும் நடுவளவில் வராது. ஐரோப்பியப் பாதங்களுக்குப் பல ஆண்டுகளாகச் செம்மையாகக் காலணி செய்து அனுப்பும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் அந்த நிறுவனத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில்தான் இருக்கின்றன. நம் பெண்களின் பாதத்துக்கும் அதே செம்மையோடு ஹீல்ஸ் செய்ய அங்கே கைத்திறன் குறைவில்லை. குறைவது காலணி தைக்கும் அச்சுக்கட்டையின் அகலம் மட்டும்தான்.

ஹீல்ஸ் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது போராடிப் பெற்றது. ஆனால் விரும்பிப் போடுகிறவள் வலியில்லாமல், அழகாக நடக்கத் தகுந்தவள். உங்கள் வீட்டில் ஒரு பெண் தன் முதல் ஹீல்ஸ் வாங்கக் கிளம்பினால், மாலை நேரத்தில் அழைத்துப் போங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் அப்போதுதான் அதன் முழு அளவில் இருக்கும். கடையின் கம்பளத்தில் மட்டும் நடந்து பார்க்காமல் வெளித்தரையிலும் நடக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அவள் கூடத்தில் பழகும்போது, கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். தோள் உயர்ந்தால் சொல்லுங்கள். முழங்கால் மடிந்தால் சொல்லுங்கள். நன்றாக நடந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள்.